மேக் க்ளீனும் மிளகாய்க் காம்பும்

போன வாரம் எங்க டேமேஜர் கூப்பிட்டு ஒரு ஆணி குடுத்தார். "டீம் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு அடிச்சுக்குது. இனிமே நாம எதுல வேலை செய்யப்போறோம்னு நீ ரெண்டு பக்கம் எழுதிக் குடு. திங்கக்கிழமை முடிவு பண்ணிடலாம்." ரெண்டே பக்கம் தானேன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். ஆறு நாள் ஆச்சு. அந்த ரெண்டு பக்கத்துக்காக யோசிச்சது எங்கெங்கேயோ போய், கடைசியில ஆறு வருஷத்துக்கு முந்தின ஒரு விஷயத்துல போய் முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. அதை ஆபீஸ் டாக்குமெண்ட்ல எப்படி எழுதறதுன்னு தெரியல. அதான் முதல்ல இங்க வந்துட்டேன்.

பொட்டி தட்டாத மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம் (தட்டறவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க). நாம எழுதற நிரலை மெஷின் அப்படியே சாப்பிடாது. ஒவ்வொரு ஃபைலையும் கம்பைல் பண்ணி ஆப்ஜெக்ட் ஃபைலா மாத்தணும். அப்புறம் எல்லாத்தையும் கோத்து ஒரே புரோகிராமா ஆக்கணும். இதுக்குப் பேர் பில்ட். ஆயிரம் ஃபைல் இருக்கிற இடத்துல ஒரு வரி மாத்தினதுக்காக ஆயிரத்தையும் மறுபடி கம்பைல் பண்ணா விடிஞ்சிடும். அதனால மாறின ஃபைலையும், அதை நம்பி இருக்கிற ஃபைல்களையும் மட்டும் மறுபடி செய்யற கருவிகள் இருக்கு. மெஸ்ல சட்னி தீந்தா சட்னி மட்டும்தானே அரைப்பாங்க, இட்லி மாவை மறுபடி ஆட்டறதில்லையே. இதுதான் இன்க்ரிமென்டல் பில்ட். இன்னொரு கட்சி லைவ் ப்ரோக்ராமிங். அங்க பில்ட்னு ஒரு கட்டமே கிடையாது. புரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கும். ஓடறப்பவே அதோட ஒரு பாகத்தை மாத்துவீங்க, அடுத்த நொடியே மாறினபடி ஓடும்.

எங்க டீமோட வேலை மின்சாரத் தேவையை முன்கூட்டியே கணிக்கிறது. ஒரு நாளை 15 நிமிஷத் துண்டுகளா வெட்டினா 96 துண்டு. நாளைக்கு ஒவ்வொரு துண்டுலயும் எவ்வளவு கரண்ட் தேவைப்படும்னு இன்னிக்கே சொல்லணும். ஒரு கோஷ்டி, "எல்லாம் ஃபைல்ல இருக்கணும், மாறினது மட்டும் மறுபடி ஓடணும், பில்ட் சிஸ்டம்தான் சரி"ங்குது. இன்னொரு கோஷ்டி, "ஒவ்வொரு தடவையும் பில்ட் முடியக் காத்துக்கிட்டிருந்தா யோசிச்சதே மறந்துடுது, நோட்புக்ல உயிரோட வச்சு விளையாடணும்"ங்குது. நான் எந்தக் கோஷ்டின்னு கேட்டா, போன மாசம் வரைக்கும் ரெண்டாவது. எதனாலன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல பில்ட் கட்சியோட தாத்தா. மேக். 1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதினது. இது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கார். யாக் எழுதின ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் அவர் ரூமுக்குள்ள கடுப்போட வந்தாராம். ஒரு பக்கைத் தேடி அன்னிக்குக் காலை முழுக்க வீணாப்போச்சு. கடைசியில பாத்தா பக்கை ஏற்கனவே சரி பண்ணியாச்சு, ஆனா அந்த ஃபைலை மறுபடி கம்பைல் பண்ண மறந்துட்டார். சரியா இருக்கிற நிரலை உக்காந்து ஆராய்ஞ்சுக்கிட்டிருந்திருக்கார் மனுஷன். முந்தின நாள் சாயங்காலம் ஃபெல்ட்மேனுக்கும் இதே கதி. அந்த வார இறுதியிலயே மேக் உருவாயிடுச்சு. 2003ல இதுக்காக அவருக்கு ஏசிஎம்மோட சாஃப்ட்வேர் சிஸ்டம் விருதும் குடுத்தாங்க.

(சைடுல ஒரு விஷயம்: மேக்ஃபைல்ல வரி ஆரம்பத்துல டேப்தான் வைக்கணும், ஸ்பேஸ் வச்சா கடிக்கும்னு காலேஜ் லேப்லயே சூடு பட்டிருப்பீங்க. அது தப்புன்னு ஃபெல்ட்மேனுக்கு சில வாரத்துலயே தெரிஞ்சுடுச்சாம். ஆனா அதுக்குள்ள ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டதால, அவங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு விட்டுட்டார். அந்த டஜன் பேருக்காக உலகமே அம்பது வருஷமா டேப் அடிச்சுக்கிட்டிருக்கு.)

இந்தக் கதையில எல்லாரும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. மேக் வந்தது நேரத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இல்ல. பழசு புதுசு மாதிரி நடிக்கக்கூடாதுங்கறதுக்காக வந்தது. நாமதான் அதை வேகத்துக்கான கருவின்னு நினைச்சுட்டோம். நானும்தான். இனி கொசுவத்தி.

என் முதல் கம்பெனி. மின்சார மீட்டர்கள்ல இருந்து ரீடிங் சேகரிக்கிற ஒரு பெட்டிக்கு சி பிளஸ் பிளஸ்ல எழுதிக்கிட்டிருந்தோம். முழு பில்ட் 40 நிமிஷம். ஏன்னா வெர்ஷன் நம்பர் இருக்கிற ஒரு ஹெடர் ஃபைல் ஒவ்வொரு பில்டுக்கும் மாறும், அதை எல்லாரும் இன்க்ளூட் பண்ணியிருந்தாங்க. அது மாறினா எல்லாமே மறுபடி கம்பைல். அதுல ரொம்ப நேரம் தின்னது டிஸ்ப்ளே பகுதி, அது என் பொறுப்பு. ஒழுங்கா செய்யறதுன்னா வெர்ஷனைத் தனியா ஒரு ஃபைலுக்கு நகத்தியிருக்கணும், அரை நாள் வேலை. நான் என்ன பண்ணேன்னா, டிஸ்ப்ளே டைரக்டரிக்கு மட்டும் ஹெடர் சார்புகளைக் கண்காணிக்கிற ஏற்பாட்டையே மேக்ஃபைல்ல இருந்து எடுத்துட்டேன். ஜிசிசியில எம்எம்டின்னு ஒரு ஆப்ஷன், அந்த ஒரே வார்த்தையை அழிச்சேன். 40 நிமிஷம் 6 நிமிஷம் ஆயிடுச்சு. டீம்ல கை தட்டினாங்க. லீட் டீ வாங்கிக் குடுத்தார்.

ஆறேழு மாசம் ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு ஃப்ரெஷர் தம்பி வந்தான். திண்டுக்கல் பக்கம். அமைதியான பையன், சந்தேகம் கேட்டாக்கூட, "அண்ணா, பிஸியா"ன்னு கேட்டுட்டுத்தான் கேப்பான். அவனுக்குக் குடுத்த முதல் உருப்படியான வேலை: ரீடிங்ல ஃப்ரீக்வென்சியும் சேர்க்கணும். ஏற்கனவே வோல்டேஜ், கரண்ட், பவர் ஃபேக்டர்னு மூணு எண் வரிசையா ஒரு ஸ்ட்ரக்சர்ல இருந்துச்சு. அவன் மூணாவதா ஃப்ரீக்வென்சியைச் சேர்த்து, பவர் ஃபேக்டரை நாலாவதுக்குத் தள்ளினான். சுத்தமா பண்ணியிருந்தான், ரிவ்யூ பண்ணதும் நான்தான்.

ரெண்டு நாள்ல கிளையண்ட் டெமோ. லேப்ல இருந்த பொது மெஷின்ல பில்ட் எடுத்து, பெட்டியில ஏத்தி, ஆன் பண்ணோம். பவர் ஃபேக்டர் 49.97ன்னு காட்டுச்சு.

பவர் ஃபேக்டர் 1ஐத் தாண்டவே தாண்டாது. கிளையண்ட் பக்கம் வந்திருந்தவர் இ.பி.யில இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. லீட் திரும்பி, "கடைசியா யாரு தொட்டது?"ன்னார். நான் தம்பியைப் பாத்தேன். வாயால ஒண்ணும் சொல்லல. பாத்தேன், அவ்வளவுதான். அது போதுமா இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் அவன் வீட்டுக்குப் போகல. அவனோட ஃபைல்கள்ல எல்லாம் பிரிண்ட் போட்டுப் பாக்கறான், எல்லா எண்ணும் சரியா வருது. திரைக்குப் போனா தப்பா இருக்கு. டிஸ்ப்ளே ஃபைல் என்னோடது, அதை அவன் தொடறதில்லை. "அண்ணா, என் சைடுல சரியா வருது, எங்க தப்பு பண்றேன்னே தெரியல"ன்னு மூணு தடவை வந்தான். மூணு தடவையும், "நல்லா பாருடா, நீதானே மாத்தின"ன்னு அனுப்பிட்டேன். ஜான்சனுக்கு ஒரு காலைதான் போச்சு. இவனுக்கு ரெண்டு நாள்.

இதுல வெட்கக்கேடு என்னன்னா, நான் படிச்சது ட்ரிபிள் ஈ. 49.97ங்கற எண்ணைப் பாத்தவுடனே இது நம்ம லைன் ஃப்ரீக்வென்சின்னு பொறி தட்டியிருக்கணும். 50 ஹெர்ட்ஸ்க்கு ஒரு முடி கம்மி. மூணாவது இடத்துல இப்ப ஃப்ரீக்வென்சி உக்காந்திருக்கு, திரை இன்னும் மூணாவது இடத்துல பவர் ஃபேக்டர் இருக்கறதா நினைச்சு அதை எடுத்துக் காட்டுது. அதாவது என் டிஸ்ப்ளே ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவே இல்ல, பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் பழைய வரிசையோட அப்படியே கோத்துக்கிச்சு. லிங்கர் இதையெல்லாம் கேக்காது. ரெண்டாம் நாள் ராத்திரி நானே என் ஃபைல்ல ஒரு பிரிண்ட் போட்டேன். ஃபைலைத் தொட்டதால அது கம்பைல் ஆச்சு, பக் காணாமப் போச்சு. பிரிண்டை எடுத்தேன், அப்பவும் வரல. ஙே.

புரிஞ்சுது. அந்த எம்எம்டியை மறுபடி மேக்ஃபைல்ல போட்டேன். மேக் க்ளீன் அடிச்சு முழுசா கட்டினேன். மெயில்ல, "பில்ட் என்விரான்மெண்ட் இஷ்யூ, சரி பண்ணியாச்சு"ன்னு ஒரு வரி எழுதினேன். பில்ட் என்விரான்மெண்டுக்கு ஏது முகம்? அந்த வரியில யாரும் இல்ல. தம்பிக்கு மட்டும் ப்ரொபேஷன் மூணு மாசம் நீட்டிச்சாங்க, டெமோவுக்கு முன்னாடி சரியா டெஸ்ட் பண்ணலைன்னு காரணம். நான் வாயைத் திறக்கல. அப்ரைசல் நேரம்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பில்ட் மேலயே எனக்கு ஒரு வெறுப்பு. தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கறதை விட, கருவி மேல கோபப்படறது சுலபம்ல? அப்பதான் லைவ் பக்கம் சாய்ஞ்சேன். வார இறுதிகள்ல ஃபாரோவைத் தூக்கிப் போட்டு விளையாடினேன். ஸ்மால்டாக் குடும்பத்துல வந்த சூழல் அது. சத்தியமா சொல்றேன், முதல் தடவை அதுல வேலை செஞ்சப்ப ஏதோ ஜெயில்ல இருந்து வெளிய வந்த மாதிரி இருந்துச்சு. இன்னும் எழுதாத ஒரு மெத்தடைக் கூப்பிட்டீங்கன்னா புரோகிராம் சாகாது, டிபக்கர் திறந்துக்கிட்டு நிக்கும். அங்கேயே அந்த மெத்தடை எழுதிட்டு, "மேல போ"ன்னா விட்ட இடத்துல இருந்து ஓடும். 40 நிமிஷம் பில்டுக்குக் காத்துக்கிட்டிருந்தவனுக்கு இது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1979 டிசம்பர்ல ஸ்டீவ் ஜாப்ஸ் ஜெராக்ஸ் பார்க்குக்குப் போனப்ப நடந்ததை ஆலன் கே எழுதியிருக்கார். திரை உருள்றது விட்டு விட்டு வருது, வழுக்கிக்கிட்டே போற மாதிரி பண்ண முடியாதான்னு ஜாப்ஸ் கேட்டார். டான் இங்கால்ஸ் அங்கேயே, ஓடிக்கிட்டிருந்த சிஸ்டத்துலயே, சம்பந்தப்பட்ட மெத்தடுகளைத் தேடி மாத்தினார். ஒரு நிமிஷத்துக்குள்ள திரை வழுக்கிச்சு. இது நடந்தப்ப என் அப்பா ஹாஃப் டிராயர் போட்டுக்கிட்டிருந்தார். இன்னிக்கும் என் பழைய கம்பெனியில ஒரு வெர்ஷன் நம்பர் மாறினா 40 நிமிஷம்.

ஆனா ஸ்மால்டாக்ல ஒரு விசேஷம் இருக்கு, இமேஜ்னு சொல்வாங்க. உங்க நிரல், நீங்க திறந்து வச்சிருக்கிற ஜன்னல்கள், பாதியில நிக்கற டிபக்கர், எல்லாத்தையும் சேர்த்து ஓடற உலகம் மொத்தத்தையும் அப்படியே ஒரு ஃபைலா உறைய வச்சுடுவாங்க. நாளைக்குத் திறந்தா விட்ட இடத்துல இருந்து உயிர் வரும். இது எப்படின்னா, எங்க வீட்டுல தயிர் மாதிரி. நேத்து தயிர்ல கொஞ்சம் எடுத்து இன்னிக்குப் பால்ல உறை ஊத்தறது, இன்னிக்குத் தயிர்ல எடுத்து நாளைக்கு. அம்மா கல்யாணம் ஆகி வந்தப்ப ஆத்தா வச்சிருந்த உறையோட தொடர்ச்சிதான் இன்னிக்கும் எங்க வீட்டுத் தயிர்னு ஒரு பெருமை உண்டு. ஸ்மால்டாக் இமேஜும் அப்படித்தான் கை மாறிக் கை மாறி வந்துச்சு. ஜெராக்ஸோட ஸ்மால்டாக்-80ல இருந்து ஆப்பிள்கிட்ட, அதுல இருந்து 1996ல ஸ்க்வீக், அதுல இருந்து பிரிஞ்சு 2008ல ஃபாரோ. கீழ இருக்கிற விர்ச்சுவல் மெஷினைப் புதுசா எழுதினாங்க, ஆனா உள்ள இருந்த உலகம் பழசுல இருந்து வந்த உறை.

தயிர் கெட்டுப்போனா? பக்கத்து வீட்டுல உறை வாங்கலாம். பக்கத்து வீடே இல்லைன்னா? எங்க அம்மா பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளி வெதுவெதுப்பான பால்ல போட்டு வைப்பாங்க. முதல் தடவை சுமாரா உறையும், அதுல எடுத்து அடுத்தது ஊத்தினா சரியாயிடும். ஃபாரோக்காரங்களும் கடைசியில மிளகாய்க் காம்புக்கு வந்துட்டாங்க. 2019ல வந்த ஃபாரோ 7ல இருந்து இமேஜை சோர்ஸ் ஃபைல்கள்ல இருந்தே புதுசா எழுப்பறாங்க. லைவ் கட்சியோட மூத்த குடும்பமே, "ஒண்ணுமில்லாததுல இருந்து மறுபடி கட்ட முடியணும்"னு முடிவு பண்ணியிருக்குன்னா அதுல ஏதோ விஷயம் இருக்குல்ல? எனக்கு அப்ப உறைக்கல. (இது சிலேடை இல்ல, தானா வந்துடுச்சு.)

எனக்கு உறைச்சது போன மாசம்தான்.

இப்ப வேலை செய்யற இடத்துல நோட்புக்தான் என் உலகம். பைத்தான் நோட்புக்ல நிரலைத் துண்டு துண்டா, செல் செல்லா எழுதி, வேணுங்கற செல்லை மட்டும் ஓட்டலாம். மாறிகள் எல்லாம் நினைவுல உயிரோட இருக்கும். கணிப்போட பிழை எத்தனை சதவீதம்னு ஒரு மீட்டிங்ல கேட்டாங்க. நோட்புக்கைப் பாத்து 2.9ன்னு சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். அதை வச்சு ஒரு ஸ்லைடும் போட்டாச்சு.

மறுநாள் காலையில டீம்ல புதுசா சேந்த பொண்ணு என் சீட்டுக்கு வந்து நின்னாங்க. "உங்க நோட்புக்கை நான் ஓட்டினா 4.6 வருது. நான் ஏதோ தப்பா பண்றேன் போல, கொஞ்சம் பாக்கறீங்களா?"

வாங்கி, கெர்னலை ரீஸ்டார்ட் பண்ணி, மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டினேன். 4.6. மறுபடி ஓட்டினேன். 4.6. அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. மூணு நாள் முன்னாடி பொங்கல், தீபாவளி மாதிரி விடுமுறை நாள்களைத் தூக்கிட்டுப் பாத்தா எப்படி இருக்கும்னு ஒரு செல் எழுதினேன். கணிக்கக் கஷ்டமான நாள்கள் அவைதான், ஃபேக்டரி எல்லாம் மூடியிருக்கும். அப்புறம் அது வேணாம்னு செல்லை அழிச்சுட்டேன். செல் போச்சு, அது பண்ண வேலை நினைவுல அப்படியே இருந்துச்சு. திரையில இல்லாத ஒரு வரி மூணு நாளா என் எண்களை அழகாக்கிக்கிட்டிருந்திருக்கு.

ஆப்ஜெக்ட் ஃபைல்ல பழைய ஸ்ட்ரக்சர், மெமரியில பழைய மாறி. ரெண்டும் ஒண்ணுதான். எதை வெறுத்து ஓடினேனோ அதுவே இங்கயும் உக்காந்திருந்துச்சு, இன்னும் கொஞ்சம் வசதியா.

இது எனக்கு மட்டும் நடக்கறது இல்லைன்னு ஆறுதல் படலாம். 2019ல பிமென்டெல் குழுவினர் கிட்ஹப்ல இருந்த 14 லட்சம் நோட்புக்குகளை எடுத்து ஆராய்ஞ்சாங்க. ஓட்டிப் பாக்க முடிஞ்சதுல பிழை இல்லாம ஓடினது சுமார் 24 சதவீதம். முன்னாடி பதிவாகியிருந்த அதே விடையைக் குடுத்தது 4 சதவீதம். நாலு! மொபைல் ஆப் எழுதற நண்பர்களுக்கு இன்னொரு உதாரணம்: ஃப்ளட்டர்ல ஹாட் ரீலோட் பண்ணா மெயின் ஃபங்ஷன் மறுபடி ஓடாது, இனிட்ஸ்டேட்டும் ஓடாது. திரை புதுசு மாதிரி தெரியும், ஆரம்ப நிலை பழசு. "உன் ஃபோன்ல வருது, என் ஃபோன்ல வரலையே"ன்னு அடிச்சுக்கறதுல பாதி இதுதான்.

அதுக்காக லைவ் வேணாம்னு சொல்லவும் மனசு வரல. 1998ல நாசா அனுப்பின டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துல, 1999 மே மாசம் லிஸ்ப்ல எழுதின ரிமோட் ஏஜென்ட் ஓடறப்ப, பூமியில எத்தனையோ சோதனையில சிக்காத ஒரு பக் அங்க போய் சிக்குச்சு. கோடிக்கணக்கான மைல் தள்ளிப் போய்க்கிட்டிருந்த புரோகிராமோட பேசி, உள்ள என்ன நிலைமைன்னு கேட்டுக் கேட்டு, காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஓடற புரோகிராமோட பேசற வசதி இல்லைன்னா இது நடந்திருக்குமா? ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும்னா அதை உயிரோட பாக்கணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

டாக்குமெண்டுக்காகப் படிச்சப்ப ரொம்ப ரசிச்சது 2018ல ஆண்ட்ரே மோகோவ், நீல் மிட்செல், சைமன் பெய்டன் ஜோன்ஸ் மூணு பேரும் எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரை. பில்ட் சிஸ்டம்களை வகை பிரிக்கிறாங்க: மேக், ஷேக், கூகுள் 2015ல வெளிய விட்ட பேஸல், அப்புறம்... எக்ஸெல்! ஆமாங்க, நம்ம அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் எக்ஸெல். ஒரு கட்டத்துல எண்ணை மாத்தினா, அதை நம்பி இருக்கிற கட்டங்கள் மட்டும் மறுபடி கணக்காகுது. அது இன்க்ரிமென்டல் பில்ட் இல்லாம வேற என்ன? அதே நேரம் எக்ஸெலை விட லைவான ஒண்ணு உண்டா? பில்ட் பட்டன் எங்கயாவது இருக்கா? எங்க ரெண்டு கோஷ்டியும் அடிச்சுக்கிட்டிருந்ததுக்கு நடுவுல எக்ஸெல் தேமேன்னு உக்காந்திருக்கு.

அதோட சூட்சுமம், எது எதை நம்பி இருக்குங்கறது அதுக்குத் தெரியும்ங்கறதுதான். ஒரு கட்டத்துல இருக்கிற ஃபார்முலாவை அழிச்சீங்கன்னா அதோட விடையும் போயிடும், பேய் மாதிரி பின்னாடி சுத்தாது. ஜூலியா மொழிக்கு ப்ளூட்டோ, பைத்தானுக்கு மாரிமோன்னு வந்திருக்கிற நோட்புக்குகள் இதைத்தான் செய்யுது. செல்லை அழிச்சா அது உண்டாக்கின மாறியும் காலி, அதை நம்பி இருந்த செல்கள் உடனே சிவப்பாகும். பில்ட் பக்கத்துல பேஸல் இதே ஒழுக்கத்தை வேற மாதிரி கொண்டுவருது. நீங்க சொல்லாத ஹெடரை சாண்ட்பாக்ஸுக்குள்ள காட்டவே காட்டாது, கம்பைல் விழுந்துடும். நான் அன்னிக்குப் பண்ண குறுக்கு வழியை அங்க பண்ணியிருந்தா அடுத்த நிமிஷமே மாட்டியிருப்பேன். 6 நிமிஷமும் கிடைச்சிருக்காது, டீயும் கிடைச்சிருக்காது.

அதனால டாக்குமெண்ட்ல இப்படி எழுதினேன்: யோசிக்கிற வேலைக்கு மாரிமோ. வெளிய போற எண் எதுவா இருந்தாலும் ராத்திரி சர்வர்ல வெறும் டைரக்டரியில இருந்து முழுசா கட்டி வந்ததா இருக்கணும். ரெண்டு எண்ணும் ஒத்துப்போகலைன்னா ராத்திரி வந்ததுதான் எண். வாரத்துல ஒரு நாள் சேமிச்சு வச்ச எல்லா இடைநிலை ஃபைலையும் தூக்கிப் போட்டுட்டு மிளகாய்க் காம்புல இருந்து ஆரம்பிக்கணும். இதுக்கு எவ்வளவு மெஷின் நேரம் செலவாகும்னு டேமேஜர் கேப்பார், அதுக்கும் ஒரு அட்டவணை வச்சிருக்கேன்.

டாக்குமெண்ட் முடிஞ்சுது. ஆனா அந்தப் பொண்ணு வந்து, "நான் ஏதோ தப்பா பண்றேன் போல"ன்னு சொன்னது மண்டையை விட்டுப் போகல. அன்னிக்கே மீட்டிங்ல இருந்த எல்லாருக்கும், "2.9 தப்பு, 4.6தான் சரி, தப்பு என் நோட்புக்ல, கண்டுபிடிச்சது அவங்க"ன்னு மெயில் போட்டுட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. டேமேஜர், "ஸ்லைடை மாத்திடு"ன்னார், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்தையா ஆறு வருஷம் முன்னாடி சொல்ல முடியாம நின்னேன்னு இருந்துச்சு.

நேத்து ராத்திரி தம்பிக்கு ஃபோன் பண்ணேன். இப்ப கோயமுத்தூர்ல இருக்கான். நம்பர் மாறல. கொஞ்ச நேரம் ஊர்க்கதை. அப்புறம் நேரா சொல்லிட்டேன். 49.97 ஞாபகம் இருக்கா, அது உன் தப்பு இல்லடா, மேக்ஃபைல்ல நான் பண்ண வேலைன்னு.

"தெரியும்ணா"ன்னான்.

"எப்படிடா?"

"அடுத்த வாரமே கிட் லாக் பாத்தேன். மேக்ஃபைல்ல ஒரு வார்த்தை சேர்த்திருந்தீங்க. அதை யாரு எடுத்ததுன்னு பின்னாடி போய்ப் பாத்தேன். அதுவும் உங்க பேர்தான் இருந்துச்சு."

"கேட்டிருக்கலாம்லடா."

"ப்ரொபேஷன்ல இருந்தேன்ணா."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. சாரின்னு சொன்னேன். "விடுங்கண்ணா, பழைய கதை"ன்னான். கோவம் இருந்த மாதிரி தெரியல, இல்லாத மாதிரியும் தெரியல. இப்ப என்ன பண்றேன்னு கேட்டான், இந்த டாக்குமெண்ட் பத்தி சொன்னேன். சிரிச்சான். அவன் டீம்ல இன்க்ரிமென்டல் பில்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்காம், ஆனா அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் மேக் க்ளீன் அடிச்சுட்டுத்தான் கட்டுவானாம். 25 நிமிஷம் ஆகுமாம். டீம்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்களாம். "பழகிடுச்சுண்ணா, அதைப் பண்ணாம அனுப்பினா தூக்கம் வராது"ன்னான்.

திங்கக்கிழமை டாக்குமெண்டைக் குடுக்கணும். ரெண்டு பக்கம்தான் கேட்டார். மூணாவதா ஒரு பக்கம் சேர்த்திருக்கேன், அந்த டெமோ பத்தி. அந்த எம்எம்டியை யாரு எடுத்ததுன்னும் அதுல இருக்கு.